தாமோதரன் போட நினைக்கும் மாலை

மகனே,

"திங்கட்கிழமை என்னுடன் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறீர்களா?" என்று நேற்று சாப்பிடும்போது கேட்டாய். நான் பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டேன். "ரேடியோவுல மூச்சு உடாம பேசற மனுசன், ஊட்டுல ஒரு கேள்வி கேட்டா வாயத் திறக்க மாட்டாரு" என்று உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அவள் சொன்னது சரிதான். இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் என் குரல் உயரும். குரல் உயர்ந்தால் நீ எழுந்து வெளியே போவாய். பாதி கேட்டதையே முழுக்கதையாக எண்ணிக்கொண்டு ரயில் ஏறுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அங்கே புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலையின் கூடைப்பந்து அணியில் நீ சேரப்போகிறாய். உன்னைத் தேர்ந்தெடுத்தவன் அங்கே விளையாட்டு அதிகாரியாக இருக்கும் தாமோதரன். உன்னோடு நானும் வந்தால், தொழிற்சாலை வாசலில் எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு மாலை போடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு நீ பூரித்துப் போனாய். எவ்வளவு பெரிய மனசு என்றாய். அந்த மனசு எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்தவன் நான். நீ போவதற்குள் நீயும் அறிந்துகொள்ள வேண்டும்.

நான் ஆடிய காலத்தில் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிப்பது என்றால், ஒரு கம்பெனிக்கு ஆடி அங்கே வேலை வாங்குவதுதான். வேறு வழி கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு வந்த என்னை, திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பி ஆலையில் தற்காலிகக் குமாஸ்தாவாக எடுத்தார்கள். பெயருக்குத்தான் குமாஸ்தா. காலையிலும் மாலையிலும் பயிற்சி, நடுவில் கொஞ்சம் கணக்கு எழுதுவது, டோர்னமென்ட் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மண் கோர்ட். அமாவாசைக்குப் பெருமாள் கோயில் குளத்தில் முழுக வருகிற கூட்டம் முந்தின நாளே வந்து அதில்தான் படுத்திருக்கும். விடிந்ததும் அவர்களை எழுப்பி, மூட்டைகளை ஓரமாக நகர்த்தச் சொல்லி, நாங்கள் பந்தைத் தட்ட வேண்டும். "சாமி கும்பிட வந்தா, பந்தால அடிச்சித் தொரத்தறானுங்கடா" என்று ஒரு பெரியவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திட்டுவார். தாமோதரன் அவரைக் கும்பிட்டு, "உங்க பாவம் குளத்துல போவட்டும் பெரியவரே, எங்க பாவம் இங்கதான் போவணும்" என்பான். அவனுக்குப் பேச்சு அப்படி வரும். பொன்னேரிச் சந்தையில் நெல் தரகு செய்தவருடைய மகன் அல்லவா? அவன்தான் எங்கள் கேப்டன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். என் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன். மச்சான் என்றுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். விரோதியைப் பற்றி எழுதும்போது அவன் விரோதியாகவே பிறந்தான் என்று எழுதக்கூடாது. அப்படி எழுதினால் அவன் செய்தது சின்னதாகிவிடும்.

நீ தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்த மாதம் அது. ஆலைகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதியில் துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கும்போது என் இடது முட்டி திருகிக்கொண்டது. கம்பெனி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது என்றார். என்னிடம் சொன்னதையே தாமோதரனைக் கூப்பிட்டும் சொன்னார். பத்து நாள் கழித்து, பைனல் அன்று காலை அவன் நம் வீட்டுக்கு வந்து, என் முட்டிக்குத் தானே துணியைச் சுற்றிக் கட்டினான். "ஒரே ஒரு மேட்ச் மச்சான். பைனல் ஜெயிச்சா ரெண்டு பேரும் பர்மனென்ட். மானேஜர் வாயாலயே சொல்லிட்டாரு. ஆடி முடிச்சிட்டு ஆறு மாசம் ஊட்ல படுத்துக்கோ, யாரு கேக்கப் போறா?" என்றான். "டாக்டர்?" என்றேன். "அத நான் பாத்துக்கறேன்" என்றான். படித்தவன் நான். கையில் உத்தரவு வராமல் வாய்ப்பேச்சை நம்பி ஆடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கென்று ஒரு முட்டாள்தனம் உண்டு. கேப்டன் கையை நீட்டினால் பந்தைப் போட்டுவிடுவோம். யோசித்துப் போடுகிறவன் ஆட்டக்காரனே இல்லை என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் நான் என் முட்டியையும் போட்டுவிட்டேன்.

பைனலை ஜெயித்தோம். இரண்டாம் பாதியில் என் கால் மடங்கி நான் விழுந்தபோது, கைதட்டலில் என் அலறல் எனக்கே கேட்கவில்லை. புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்புக்கு அது கைகண்ட கட்டு. ஆனால் எனக்குப் போனது எலும்பு அல்ல, முட்டிக்குள் இருந்த நார். மானேஜர் விசாரித்தார்: டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் இவனை இறக்கியது யார்? தாமோதரன் என்ன சொன்னான் தெரியுமா? அரையிறுதியில் எனக்குப் பட்ட அடி டாக்டர் பயந்த அளவுக்கு இல்லை, பத்து நாளில் ஆறிவிட்டது என்றான். அதற்குப் பிறகு நான் கம்பெனிக்குத் தெரியாமல் பள்ளிப்பட்டில் ஒரு கிளப்புக்குப் பரிசு ஆட்டம் ஆடப் போய் முட்டியை உடைத்துக்கொண்டேன் என்றான். அதை மறைத்து பைனலில் இறங்கினேன், கேப்டனான தன்னையும் ஏமாற்றிவிட்டேன் என்றான். நான் பள்ளிப்பட்டுக்கு அதுவரை போனதே இல்லை. அந்த ஊரில் கோர்ட் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. வேறு கிளப்புக்கு ஆடியவனை உடனே நீக்குவது ஆலையின் விதி. என்னை நீக்கினார்கள். டாக்டர் பேச்சை மீறிய பழி கேப்டன் மேல் விழாமல் போயிற்று. அவன் நிரந்தரமானான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மானேஜரே என்னைக் கூப்பிட்டு அவன் சொன்னதை வரி மாறாமல் சொன்னார். நான் மறுத்தேன். "உன் கேப்டன் உன்மேல எதுக்குப்பா பொய் சொல்லணும்?" என்று கேட்டார். 

அந்த வருஷம் நம் வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், நீயும் நானும். நீ சீக்கிரம் கற்றுக்கொண்டாய். பக்கத்து வீட்டு அம்மாள், "இன்னாமே, பெரிய புள்ள எப்ப சுவத்த உடும்?" என்று உன் அம்மாவைக் கேட்பாள். உன் அம்மா சிரித்து மழுப்புவாள். அவள் மட்டும் ஒரு நாள் பொன்னேரிக்குப் போய் தாமோதரனைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நான் தடுத்துவிட்டேன். பெண்ணை அனுப்பி நியாயம் கேட்கிறவன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். கேட்கிற நாளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அது சும்மா சொன்ன பேச்சு என்று அவள் நினைத்தாள்.

பிறகு அரிசி ஆலைக் கணக்கு எழுதினேன். அங்கே எவனும் கைதட்ட மாட்டான். ஒரு கோடையில் பொன்னேரியில் மின்னொளிப் போட்டி நடந்தது. மைக்கில் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ படிச்சவன்தானே, ஆட்டமும் தெரியும், வா நைனா" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்டக்காரன் பந்தை வாங்குவதற்குள் அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரிந்தது, அதைச் சொன்னேன், சனங்கள் வாயைப் பிளந்தார்கள். அங்கே வந்திருந்த வானொலிக்காரர் ஒருவர் குரல் தேர்வுக்கு எழுதிப்போடச் சொன்னார். இப்படித்தான் மைதானத்தின் ஓரத்திலிருந்து வானொலி வர்ணனை மேசைக்கு வந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: "கேக்கறவனுக்குக் கண்ணு கிடையாது. பந்து யார் கையில இருக்குன்னு முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்." நான் அதை வேறு விதமாகவும் புரிந்துகொண்டேன். நான் யாருடைய பெயரைச் சொல்லவில்லையோ அவன் ஆடவே இல்லை.

அவனைக் கேட்கிற நாளுக்காக நான் பல வருஷம் காத்திருந்தேன். மாநிலக் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டாம் பாதி வானொலியில் நேரடியாக வந்தது. வர்ணனை என்னுடையது. கம்பி ஆலை அணிக்குத் தாமோதரன்தான் இன்னும் கேப்டன். அதுதான் அவனுடைய கடைசி ஆட்டம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அவனுடைய அப்பா பொன்னேரிச் சந்தையில் கடை பெஞ்சின்மேல் ரேடியோவை எடுத்து வைத்து, நெல் கொண்டுவந்த சம்சாரி, மூட்டை தூக்குகிறவன், பழவேற்காட்டிலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி பாய் என்று எல்லோரையும் உட்காரவைத்துக் காபி வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு முன்பே தெரியும். அவர் அப்படிச் செய்வார் என்று தெரிந்துதான் நான் போனேன்.

அன்றைக்குத் தாமோதரன் நன்றாக ஆடினான். அதை மறுத்தால் நானும் அவனைப்போல் ஆகிவிடுவேன். ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்ததே அவன்தான். அவன் பந்தைப் போட்டபோதெல்லாம், "பந்து வலது ஓரத்திலிருந்து உயர்கிறது, கூடைக்குள் இறங்குகிறது, ஆலை அணிக்கு மேலும் இரண்டு புள்ளிகள்" என்றேன். போட்டவன் யார் என்று சொல்லவில்லை. அவன் பந்தை வாங்கி அடுத்தவனுக்குக் கொடுத்தால், வாங்கியவன் பெயரை மட்டும் சொன்னேன். ஆனால் விசில் ஊதி அவன்மேல் தவறு என்று நடுவர் கை காட்டியபோது, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் விழும்படி சொன்னேன்: "தவறு செய்தவர், அணித் தலைவர், பொன்னேரியைச் சேர்ந்த தாமோதரன்." அவனுக்குத் தவறுகள் கூடின. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரைச் சேர்த்தேன். கடைசி நிமிடங்களில் ஐந்தாவது தவறு. ஐந்தானால் வெளியே போக வேண்டும். "பொன்னேரியைச் சேர்ந்த தாமோதரன், ஐந்தாவது தவறு, களத்தைவிட்டு வெளியேறுகிறார்" என்றேன். அவன் பெயரை மைக்கில் கடைசியாக நான் சொன்னது அப்போதுதான். அவன் என்மேல் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. நான் அவனைப் பற்றிச் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற வித்தியாசம் அதுதான்.

மறுநாள் அவன் கோப்பையோடு சந்தைக்குள் போனானாம். "இன்னாப்பா, நேத்து முழுக்க பவுலாவே போட்டுக்கினு இருந்தியாமே? அப்புறம் எவன்தான் ஜெயிச்சிக் குடுத்தான்?" என்று மூட்டை தூக்குகிறவன் கேட்டிருக்கிறான்.  அப்பா ரேடியோவைத் துணியால் மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். தாமோதரன் அந்த வாரமே வானொலி நிலைய வாசலில் என்னை மறித்தான். "என் பேரு மறந்து போச்சாடா உனக்கு?" என்றான். "மறக்கலையே. பவுல் போட்டப்பல்லாம் சொன்னேனே" என்றேன். அவன் கையை ஓங்கினான், ஆனால் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "அந்தப் பெரியவரு உனக்கு இன்னா பண்ணாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதற்காக நான் செய்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. பந்து யாரிடம் இருக்கிறது என்றே பாதி நேரம் தெரியவில்லை என்று புகார் கடிதங்கள் வந்து, நிலையத்தில் ஒரு சீசன் முழுக்க என்னைக் கூப்பிடாமல் விட்டார்கள். அந்தத் தண்டனையை நான் பாயசம்போல் குடித்தேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ அதைப் பார்த்தாய், ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. தாமோதரன் பழம், வெற்றிலைபாக்கோடு வந்து உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது. "பையன் அப்பிடியே உன்ன மாதிரி ஆடறான் மச்சான். அதே எடது கை" என்றான். "முட்டியும் என்னுது மாதிரி ஆயிடாம பாத்துக்கோ" என்றேன். நீ என்னை முறைத்தாய். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: நிரந்தர உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் உன் கை பந்தைத் தொடும். அவன் உடனே ஒப்புக்கொண்டான். நேற்று முன்தினம் உத்தரவும் வந்துவிட்டது. அதுவரைக்கும் சரி. அன்று அவனிடம் வேறொன்றும் கேட்டேன். நீ பழத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாய். "அன்னிக்கி மானேஜர்கிட்ட என்னப் பத்தி இன்னா சொன்ன? அத என் புள்ள எதுர்ல ஒரே ஒரு வாட்டி சொல்லு. போதும்" என்றேன். அவன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கி எனக்கு வேற வழி இல்ல மச்சான்" என்றான். "எனக்கு இருந்துச்சா?" என்றேன். "நீயுந்தான் ரேடியோவுல என்ன..." என்று ஆரம்பித்தான். "அத நான் அவன் எதுர்ல சொல்றேன், இப்பவே சொல்றேன். நீ உன்னுத சொல்றியா?" என்றேன். அவன் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். "உடுங்க, காபி ஆறுது" என்றாள் உன் அம்மா. அப்போது நீ திரும்பி வந்தாய். உன்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழம நீயே இவன கூட்டினு வா மச்சான். கேட்டாண்ட எல்லார் எதுர்லயும் உனக்கு ஒரு மால போடறேன்" என்றான். நீ கேட்டது அந்தக் கடைசிப் பேச்சை மட்டும்தான்.

ஒரு வீட்டுக் கூடத்தில், மூன்று பேர் முன்னால் ஓர் உண்மையைச் சொல்ல முடியாதவன், முந்நூறு பேர் முன்னால் மாலை போடத் தயாராக இருக்கிறான். ஏன் என்று யோசித்தாயா? உண்மையைச் சொன்னால் அவனுக்கு நஷ்டம். மாலை போட்டால் லாபம். அந்த மாலை என் கழுத்தில் விழுந்த நிமிடம், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் புரியும்: இவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருந்தால் இவன் கழுத்தை நீட்டுவானா? நான் சுவரைப் பிடித்து நடந்த வருஷத்தை அவன் ஒரு முழம் சாமந்தியால் மூடப் பார்க்கிறான். உன்னைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன். நீ நன்றாக ஆடுகிறாய், அவனுக்கு ஆட்டம் தெரியும். ஆனால் உன்னைத் தேர்ந்தெடுத்ததை வைத்து என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. உனக்கும் அவனிடம் கடன் எதுவும் இல்லை. உன் ஆட்டத்துக்கு வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான். நன்றி என்று ஒன்று வாயில் வரும்போது, யாருக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. என் பகைக்காக நீ வேலையை விட்டால் அவன் எடுத்தது இரண்டு பேருடைய பிழைப்பு என்றாகிவிடும். அந்த வெற்றியை அவனுக்குத் தரமாட்டேன். நன்றாக ஆடு. அவன் சொல்லிக்கொடுப்பதைக் கற்றுக்கொள்; கூடைக்குக் கீழே எப்படி இடம் பிடிப்பது என்று அவனைப்போல் சொல்லித்தர இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் என்றைக்காவது உன் காலோ தோளோ வலித்து, "ஒரே ஒரு மேட்ச்" என்று அவன் வாயிலிருந்து வந்தால், அந்த இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடு. ஆட்டம் தோற்கட்டும். ஊர் திட்டட்டும். எழுந்திருக்காதே. மன்னிப்பது நல்லது என்று நீ சொல்வாய். இருக்கலாம். கேட்டவனைத்தான் மன்னிக்க முடியும். இவன் கேட்கவில்லை, போட்டோவுக்கு மாலை போட வந்திருக்கிறான்.

நான் வரமாட்டேன். உன் அம்மா வண்டி மாறும் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து உன்னைக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏற்றிவிடுவாள். தொழிற்சாலை வாசலில் மாலையோடு நின்றுகொண்டு அவன் உன் தோளுக்குப் பின்னால் என்னைத் தேடுவான். "அப்பா வரலியா நைனா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பான். உனக்குச் சங்கடமாக இருக்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லத் தோன்றும். நிலையத்தில் வேலை என்று சொல்லத் தோன்றும். சொல்லாதே. என்னைப் பற்றி அவன் முன்னால் இன்னொரு பொய் வேண்டாம். "வரமாட்டேன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு, நேராகக் கோர்ட்டுக்குள் போ.

உன் அப்பா